நாங்கள் செய்த மயில் மணவறை

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஊரில் சாதாரண தரப் பரீட்சை வரை மட்டும் படித்தவள் நான். கடிதம் எழுத உட்கார்ந்தால் 'நலம், நலமறிய ஆவல்' என்பதோடு பேனா நின்றுவிடும். ஒரு கல்யாண வரவேற்பில் எனக்கு ஒதுக்கியிருந்த கதிரையில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். எழும்பச் சொல்லக் கூச்சப்பட்டு, சாப்பாடு முடியும்வரை சுவரோடு நின்றுவிட்டு வந்தேன். இப்படிப்பட்டவள் எங்கள் பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் புத்தி சொல்லப் புறப்பட்டது கொஞ்சம் அதிகம்தான். பழி முழுவதும் என் அண்ணையின் மகன் நிரோவைச் சேரும். "மாமி, நீங்கள் வாயைத் திறந்து ஒண்டும் சொல்லித் தரமாட்டியள். எழுதியாவது தாங்கோவன்" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டுப் போனான்.

முழங்கால்கள் இரண்டும் இனி ஏணி ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டதால் போன வருடம் பட்டறைப் பொறுப்பை விட்டேன். கல்யாண மேடைக்கான மணவறையை எப்படி வெட்டுவது, ஒட்டுவது, விளக்குக் கட்டுவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைக் கை தானாகப் பழகிக்கொள்ளும். வேலை நன்றாக முடிந்த பிறகு யாராவது ஒருவர் வந்து, "இது ஆர் செய்தது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அதையும் இரண்டு முறை சறுக்கி விழுந்துதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தொழிலைத் தொடங்கியவர் அண்ணை. மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் ஒரு மரக்கறிக் கடைக்குப் பின்னால் பட்டறை. கல்யாண வீடுகளைத் தேடிப் பிடிப்பது, பேசுவது, வான் ஓட்டுவது எல்லாம் அண்ணை. பட்டறைக்குள் ஆட்களை வைத்து வேலை செய்விப்பது நான். மொன்றியல் முழுவதும் அவருக்கு 'மணவறை அண்ணை' என்றே பெயர். "இது ஆர் செய்தது?" என்று கேட்டால் அவரிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு.

"நான்தான்!"

சொல்லும்போது நெஞ்சு ஒரு அங்குலம் முன்னே வரும். அப்போது நான் பின்னால் ஊசி நூலோடு நிற்பேன், நிரோ மின்கம்பிக்குள் சிக்கிக்கொண்டு கிடப்பான். எங்களுக்குப் பழகிவிட்டது.

பிறகு உமா வந்தாள். தாம்பரத்துப் பிள்ளை. பி.காம் படித்தவள். கணவன் கார்த்திக்குக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை, ரொக்ஸ்பரோவில் வீடு. ஒருநாள் பட்டறைக் கதவைத் தட்டி, "அக்கா, எனக்கு இந்த வேலை எதுவும் தெரியாது. ஆனா சும்மா இருக்கவும் தெரியாது" என்றாள். அன்றே சேர்த்துக்கொண்டேன்.

முதல் மாதம் முழுவதும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமல் ஒரே கூத்து. நாங்கள் ரெஜிபோம் என்போம், அவள் தெர்மாகோல் என்பாள். விரைவாக என்பதற்கு "கெதியா" என்று நான் சொன்னால் என்ன கதி என்று கேட்பாள். அண்ணை எதைக் கேட்டாலும் "பேந்து பாப்பம்" என்பவர். உமா ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, பேந்துங்கறது யாரு? எல்லா வேலையும் அவர்கிட்டயே விட்டுர்றாரு அண்ணா. ஒருநாள்கூட அந்த ஆளு வந்து நான் பாக்கலியே?" என்றாள். பிறகு என்று அர்த்தம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நிரோ தரையில் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

பட்டறைப் பொறுப்பு என் கைக்கு முழுதாக வந்த வருடம், 'நான்தான்' என்ற பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். வாயால் சொல்லக் கூச்சம். ஆகவே கல்யாணக் காலம் முடிந்ததும் ஒரு பெரிய கேக் வாங்கி அதில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். தெரு மூலையில் இருந்த பேக்கரிப் பெண்மணி கியூபெக்காரி. பாவம், தமிழை வாழ்க்கையில் கண்டதில்லை. 'எல்லோருக்கும் நன்றி' என்று ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, துண்டைப் பார்த்துப் பார்த்து, கிரீமால் வரைந்து, "வொலா!" என்று பெருமையோடு பெட்டியை நீட்டினார். பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துத் திறந்தேன். ந-வின் வாலுக்குக் கேக்கில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

எல்லோருக்கும் பன்றி.

அண்ணை கண்ணாடியைத் தூக்கி வாசித்துவிட்டு, "பண்டியோ? இண்டைக்கு வெள்ளிக்கிழமை, நான் மரக்கறியெல்லோ!" என்றார். உமா சிரித்துச் சிரித்துப் பின்னால் சாய்ந்து, புதிதாகச் செய்து வைத்திருந்த ஒரு தூணின்மேல் உட்கார்ந்து, அதை இரண்டாக முறித்தாள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே தட்டில் வைத்த நன்றி ஒருவருக்கும் போய்ச் சேராது என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கேக் நல்ல ருசி.

மயில் மணவறை உமாவின் தலையில் உதித்தது. மணமக்களின் இரண்டு பக்கமும் இரண்டு மயில்கள் தோகையை மடக்கி நிற்கும். தாலி ஏறும் நேரத்தில் இரண்டு தோகையும் விசிறி மாதிரி விரியும். மின்சாரம் எதுவும் இல்லை, பின்னால் ஒளிந்திருந்து உமா கயிற்றை இழுப்பாள். முதல்முறை அது விரிந்தபோது அறுகரிசி தூவி வாழ்த்த வந்தவர்கள் தூவ மறந்து கைத்தொலைபேசியைத் தூக்கினார்கள். ஐயர்கூட மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் மயில்தான் வேண்டும் என்றார்கள். "ஆர் செய்தது?" என்றார்கள். "நான்தான்" என்றார் அண்ணை. "அண்ணா, அப்படியே தோகை விரிச்சு ஆடியும் காட்டிருங்க" என்பாள் உமா. அவளுக்கு அதில் கோபம் இல்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இலையுதிர் காலத்தில் இங்குள்ள தமிழ்க் கடைக்காரர்களின் ஒன்றுகூடல் ஒன்று வந்தது. மயில் மணவறைக்காக எங்கள் கடைக்கு ஒரு கேடயம் என்றார்கள். எல்லோரும் போனோம். உமா பட்டுச் சேலையோடு வந்தாள். கார்த்திக் கோட் போட்டுக்கொண்டு, தாம்பரத்தில் இருக்கும் உமாவின் அம்மாவுக்கு அனுப்புவதற்காக வீடியோ எடுக்கத் தயாராக நின்றார்.

அன்று காலையில்தான் அண்ணைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்கள். ஒரு கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. பேச வாயெடுத்தால் "ஆங் ஊங்" என்றுதான் வந்தது. கேடயத்தை வாங்கிக்கொண்டு, மைக்கை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் அதற்கு முன் மைக்கைத் துடைத்திருக்கிறேன், பேசியது கிடையாது. ஆனால் மனதுக்குள் ஒரே சந்தோஷம். 'நான்தான்' என்று சொல்லும் வாய் வீங்கிக் கிடக்கிறது, இன்றைக்காவது சரியானதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னேன்.

"வணக்கம். இந்த மயில் மணவறை நாங்கள் செய்தது. இந்தப் பெருமை எல்லாம் எங்களுக்குத்தான். நன்றி."

அவ்வளவுதான். ஆனால் மலை ஏறி இறங்கியவள் மாதிரி மேடையை விட்டு இறங்கினேன். 'நான்' இருந்த இடத்தில் 'நாங்கள்' வந்துவிட்டதே! உமாவைப் பார்த்தேன். அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள், முகம் மட்டும் சேலை ஊக்கு குத்தியதுபோல் இருந்தது. ஐஸ்கிரீம் வருவதற்கு முன்பே இருவரும் கிளம்பிவிட்டார்கள். ஐஸ்கிரீமை விட்டுவிட்டுப் போகிறவள் இல்லையே என்று நினைத்தேன், அதற்குமேல் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கைத்தொலைபேசியில் செய்தி வந்தது. 'அக்கா, இனிமே நான் வரல. உங்க குடும்பத்துக்கு என் வாழ்த்துக்கள்.'

அந்த வாரச் சனிக்கிழமை கர்க்லாண்டில் இருக்கும் ஒரு டாக்டரின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் கைக்கு வந்ததிலேயே பெரிய வேலை அது. முன்பு செய்ததைவிட இரண்டு மடங்கு உயரமான மயில்கள், அடுக்கடுக்காக விரியும் தோகை. இறகுகள் எல்லாம் வெட்டி முடிந்து பட்டறை முழுவதும் பரந்து கிடந்தன. எந்த இறகு எதன்மேல், கயிறு எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் உமாவின் தலைக்குள் இருந்தது. அந்தத் தலை ரொக்ஸ்பரோவில் இருந்தது.

"கொழுப்பு" என்றார் அண்ணை. வீக்கம் வற்றிவிட்டது. "போறவள் போகட்டும். வேற ஆளைப் பிடிப்பம்."

"ஆரை?"

"பேந்து பாப்பம்."

நானும் நிரோவும் எங்களுக்குத் தெரிந்தபடி இறகுகளைப் பொருத்திக் கயிற்றை இழுத்துப் பார்த்தோம். தோகை பாதி விரிந்து, ஒரு பக்கம் சரிந்து, அப்படியே நின்றது. அண்ணை இடுப்பில் கைவைத்துச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது மயிலோடா? மழையில நனைஞ்ச கோழி."

"அப்பா, டென்ஷன் ஆகாதேங்கோ. கோழி மணவறை எண்டு புதுசா ஒண்டு தொடங்குவம்" என்றான் நிரோ.

எனக்கும் சிரிப்பு வந்தது. அவளைக் கூப்பிட்டுச் சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்லும்படி அண்ணை சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. என்ன நோகிறது என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை ரயில் ஏறி ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். கல்யாணத்துக்காகப் போனேனா, உமாவுக்காகப் போனேனா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். பொய் சொல்ல மாட்டேன்.

கதவைத் திறந்தவர் கார்த்திக். காதில் ஹெட்செட். வீட்டிலிருந்தபடி மீட்டிங்கில் இருந்தார். கையால் உள்ளே வரச்சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். உமா சமையலறையிலிருந்து வந்தாள். மரியாதை அதிகமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"வாங்கக்கா. காபி?"

"வேண்டாம் பிள்ளை."

"டீ?"

"ஒண்டும் வேண்டாம்."

"சரி, காபி" என்று போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

"உமா, நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?" என்று கேட்டேன்.

அவள் தம்ளரை டக்கென்று வைத்தாள். "பாத்தீங்களா? மறுபடியும் நாங்கள்! நாங்கள், நாங்கள், நாங்கள். அதுல நான் எங்கக்கா இருக்கேன்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மேடையில என்ன சொன்னீங்க?"

"நாங்கள் செய்தது எண்டு சொன்னனான். எங்களுக்குத்தான் பெருமை எண்டும் சொன்னனான்."

"அதத்தான் கேக்கறேன். நீங்க, அண்ணா, நிரோ. உங்க குடும்பம் செஞ்சது, பெருமையெல்லாம் உங்களுக்கு. அப்ப நான் யாரு? சேலை கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்க வந்தவளா?"

"ஐயோ பிள்ளை, நாங்கள் எண்டால் நீரும்தான்!"

"நாங்கன்னா நான் எப்படிக்கா வருவேன்? நாங்கன்னா நீங்க. என்னையும் சேத்தா அது நாம. 'நாம செஞ்சது, பெருமை நமக்கு'ன்னு இல்ல சொல்லணும்!"

"நாம எண்டு எங்கட ஆக்கள் ஆர் கதைக்கிறது? கூத்தில ராசா வருவார், 'நாம் நகர்வலம் போகிறோம்' எண்டு. வேற ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

உமா என்னையே பார்த்தாள். "இருங்க, இருங்க. கேக்கற ஆளையும் சேத்துச் சொல்லணும்னா உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?"

"நாங்கள்."

"அந்த ஆள விட்டுட்டுச் சொல்லணும்னா?"

"நாங்கள்."

"ரெண்டுக்குமே நாங்களா?"

"ஓம்."

"அப்ப யாரு உள்ள, யாரு வெளியன்னு எப்படிக்கா தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். இந்த வயதுவரை ஒருநாளும் யோசிக்காத கேள்வி. "அது தெரியாதுதான்" என்றேன்.

மாடிப்படியில் ஏதோ வெடித்த மாதிரிச் சத்தம். கார்த்திக் சிரித்த சிரிப்பு அது. ஹெட்செட்டின் மைக்கை மூட மறந்திருக்கிறார். மீட்டிங்கில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டிருக்க வேண்டும், "தெசொலே, தெசொலே" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாயைப் பொத்தி மேலே ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்து உமாவுக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்து எனக்கு வந்தது. சிரித்து நிறுத்தி, ஒருவரை ஒருவர் பார்த்து, "நாங்கள்" என்று அவள் சொல்ல, "நாம்" என்று நான் ராசா மாதிரிச் சொல்ல, மறுபடியும் தொடங்கியது. காபி ஆறிப் போய்விட்டது.

சிரிப்பு ஓய்ந்தபின் உமா கண்ணைத் துடைத்தாள். அது எல்லாமே சிரிப்பின் கண்ணீர் அல்ல.

"வேலை செய்யறப்ப நீங்க அப்படிப் பேசறது காதுல விழும்கா, மனசுல விழாது. மைக்ல கேட்டப்பதான் குத்திச்சு. கார்த்திக் வீடியோவ அங்கேயே அம்மாவுக்கு அனுப்பிட்டார். அம்மா பாத்துட்டு, 'எல்லாம் நல்லாருக்கு, உன்ன எங்கடி?'ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல?"

ஆறிய காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன்.

"அண்ணா 'நான்தான்'னு சொல்றப்ப எனக்குக் கோபமே வந்ததில்ல. எல்லாரையுந்தான் விட்டுட்டார்னு சிரிச்சுப்பேன். நீங்க 'நாங்க'ன்னு சொல்லி எல்லாரையும் உள்ள கூப்பிட்டு என்ன மட்டும் வெளிய நிறுத்தின மாதிரி இருந்துச்சு. இப்பப் புரியுது, அப்படி இல்லன்னு. ஆனா அக்கா, 'உமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களா நாமளான்னு இந்தப் பேச்சே வந்திருக்காதே."

பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதைத்தான். பொறுப்பில் இருப்பவருக்கு 'நாங்கள்' என்ற சொல் மிகவும் வசதியானது. சொல்லும்போது தாராளமாக உணர்வோம். அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறவருக்கு மட்டும் தெரியும், கேட்கிறவருக்குத் தெரியாது. குடும்பத் தொழிலில் இது இன்னும் மோசம். ஒரே முகச் சாடையில் மூன்று பேர் நின்று 'நாங்கள்' என்றால், வேறு சாடையில் இருக்கும் நாலாவது ஆள் தன்னை எங்கே தேடுவார்? இன்னொன்றும் சொல்கிறேன், இது உங்களில் உமாவைப் போன்றவர்களுக்கு. நொந்தால் செய்தி அனுப்பிவிட்டுப் போகாதீர்கள். வந்து சண்டை பிடியுங்கள். நான் ரயில் ஏறியிருக்காவிட்டால் அந்தப் பிள்ளை இன்றைக்கும் எங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள்.

"நாளைக்கு வர்றேன். மயில் பாவம்" என்றாள் உமா. "ஆனா சனிக்கிழமை எப்படியும் அண்ணாவ மேடைக்குக் கூப்பிடுவாங்க. அந்த மைக்ல என் பேர் வரணும். வரலன்னா ஞாயித்துக்கிழமையிலிருந்து நான் இல்ல. அண்ணா ஒத்துப்பாரா?"

"பேந்து பாப்பம்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

"பேந்து வேணாம்கா. சனிக்கிழமை."

அண்ணையிடம் சனிக்கிழமை காலை வரை சொல்லத் துணிவு வரவில்லை. மண்டபத்துக்குப் போகும் வழியில், வானுக்குள் வைத்துச் சொன்னேன். அவர் வீதியைப் பார்த்தபடி கேட்டார்.

"இந்தத் தொழிலை ஆர் தொடங்கினது?"

"நீங்கள்."

"வீடு வீடாப் போய்ப் பல்லைக் காட்டினது ஆர்?"

"நீங்கள்."

"அப்ப மைக்கில வெளி ஆளின்ர பேரோ? இண்டைக்குப் பேரைச் சொல்லு, நாளைக்கு அவள் தனியக் கடை போடுவாள். தெரியுமோ உனக்கு?"

"பேரைச் சொல்லாட்டில் இன்னும் கெதியாப் போடுவாள், அண்ணை."

சிவப்பு விளக்கு பச்சையாகி, பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்த பிறகுதான் அண்ணை வானை எடுத்தார். அண்ணையை நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம். கட்டியெழுப்பிய ஒருவருக்கு, பெயர் ஒரு வீடு மாதிரி. ஒரு அறையை வாடகைக்குக் கொடுக்கச் சொன்னாலும் வீடு முழுவதும் போகிறதே என்ற பயம் வரும்.

தாலி ஏறியது. தோகைகள் அடுக்கடுக்காக விரிந்தன. மண்டபம் முழுவதும் "ஓ" என்று ஒரே சத்தம். மாப்பிள்ளையே தாலியின் மூன்றாவது முடிச்சை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார், ஐயர் தோளில் தட்டித்தான் கட்டவைத்தார். பிறகு அறிவிப்பாளர் மைக்கை எடுத்து, "இந்த அற்புதத்தைச் செய்த மணவறை அண்ணையை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார். டாக்டர் பொன்னாடையோடு நின்றார். அண்ணை தலைமுடியைத் தடவிக்கொண்டு மேடை ஏறினார். பொன்னாடை போர்த்தினார்கள். மைக் கைக்கு வந்தது. நெஞ்சு ஒரு அங்குலம் முன்னே வந்தது.

"இந்த மயில் மணவறையை நான்..."

உமா மயிலின் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள். கார்த்திக் முன் மேசையில் கைத்தொலைபேசியை உயர்த்தி வைத்திருக்கிறார். என் கால்கள் எனக்குச் சொல்லாமலே மேடை ஏறிவிட்டன. மூத்தவரின் கையிலிருந்து எதையும் பறித்து அறியாதவள், மைக்கைப் பறித்தேன். அது கீச்சென்று கத்தியது.

"மன்னிக்கவேணும். இந்த மயிலை நினைச்சது உமா. வரைஞ்சது உமா. இப்ப பின்னால நிண்டு கயிறு இழுத்ததும் உமா. உமா, இஞ்ச வாரும்."

உமா வந்தாள், தலைமுடி முழுவதும் ரெஜிபோம் பொட்டுகள். வந்த பதற்றத்தில் ஒரு கயிற்றைக் கைவிட்டுவிட்டாள். இடது பக்கத்து மயில் 'டப்' என்று தோகையைச் சுருட்டிக்கொண்டது. மண்டபம் சிரித்துக்கொண்டே கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்கு மது மாதிரி ஏறிவிட்டது. என்னால் நிறுத்த முடியவில்லை.

"விளக்குக் கட்டினது நிரோ! வீட்டில வைச்சுத் துணி தைச்சுத் தந்தது மன்னார் ஜெசிந்தா அக்கா! இண்டைக்குக் காலமை ஏணி பிடிச்சது வாசலில நிக்கிற காவல்காரர், அவரின்ர பேர் தெரியாது, மெர்சி!"

ஒவ்வொரு பெயருக்கும் பின் மேசை இளைஞர்கள் மேசையைத் தட்டினார்கள். அறிவிப்பாளருக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

"அப்ப அண்ணை என்ன செய்தவர்?"

"அண்ணை வான் ஓட்டினவர்" என்றேன்.

உண்மைதான். ஆனால் கூரை பறக்கிற மாதிரிச் சிரித்தார்கள். அண்ணையைப் பார்த்தேன். பொன்னாடைக்குள் அவர் சிறுத்துப்போய் நின்றார். ஒருவருக்குப் பெயர் கொடுக்கப் போய் இன்னொருவரிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்று அந்த நொடியில் தெரிந்தது. இறங்கி ஓடிவிடலாம் போல் இருந்தது. ஓடியிருந்தால் அன்றைக்கே குடும்பமும் தொழிலும் இரண்டாகியிருக்கும்.

"இல்லை, இல்லை, கேளுங்கோ!" என்றேன். "எனக்கு வாய் இல்லை. உங்களில ஒராளிட்டயாவது நான் வந்து எங்களிட்ட மணவறை எடுங்கோ எண்டு கேட்டிருக்க மாட்டன். உமாவை இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் கதைச்சது அண்ணை. கதைக்கிறதும் வேலைதான். அந்த வேலை இல்லாட்டில் இந்த மயில் உமான்ர தலைக்குள்ளயே இருந்திருக்கும். அதைச் செய்தது அண்ணை."

இந்தமுறை கைதட்டல் வேறு மாதிரி இருந்தது. அறிவிப்பாளர் விடவில்லை. "எல்லாருக்கும் பேர் சொன்னியள். அண்ணைக்குப் பேர் இல்லையோ?"

எங்கள் வீட்டில் மூத்தவர்களைப் பெயர் சொல்லும் வழக்கம் கிடையாது. பிறந்ததிலிருந்து அண்ணை எனக்கு அண்ணைதான். யாராவது அவர் பெயரைக் கேட்டாலும் நிரோவைக் கைகாட்டிவிடுவேன். ஆனால் பெயரைச் சொல்லாததால் வந்த வினையை நான்கு நாட்களுக்கு முன்புதான் பார்த்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்து வரவு கூப்பிடுகிற மாதிரி, அண்ணை என்றுகூடச் சேர்க்காமல் மைக்குக்குள் கத்திவிட்டேன்.

"நாகேந்திரம்!"

கண்ணைத் திறந்தேன். அண்ணை வாயைப் பிளந்தபடி நின்றார். பிறகு பொன்னாடை குலுங்கத் தொடங்கியது. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மேலே வந்தது.

"எடியே! என்ர பேரைச் சொல்லிப்போட்டாள்!" மைக்கை என்னிடமிருந்து பிடுங்கினார். "பிறந்ததில இருந்து இண்டைக்குத்தான் சொல்லிறாள்! நீங்கள் எல்லாரும் சாட்சி!"

பின் மேசை இளைஞர்கள் "நாகேந்திரம்! நாகேந்திரம்!" என்று தட்டத் தொடங்கினார்கள். உமா என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். கார்த்திக்கின் கை ஆடியதில் வீடியோ முழுவதும் கூரையும் சாம்பாருமாகத்தான் வந்திருந்தது. ஆனால் 'உமா' என்ற சொல் ஒவ்வொரு முறையும் தெளிவாகக் கேட்டதாம்.

அண்ணை பொன்னாடையைக் கழற்றி உமாவுக்குப் போர்த்தினார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அவர் கழற்றவில்லை. சாப்பிடும்போதும் போட்டிருந்தார், ஒரு முனையில் பருப்பு பட்டது. ஆனால் மேடையை விட்டு இறங்கும்போது ஒரு அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "எங்கட பிள்ளைக்கும் இப்பிடித்தான் வேணும். இது ஆர் செய்தது, அண்ணை?" என்று கேட்டார்.

"நான்..." என்று தொடங்கினார் அண்ணை. நானும் உமாவும் பின்னால் நின்றோம். அவர் ஒரு முறை இருமினார்.

"நான் அந்தப் பிள்ளையைக் காட்டுறன், வாங்கோ" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியத்துக்கு முன் மண்டபத்தை ஒப்படைக்க வேண்டியிருந்தது. நாங்கள் போனபோது உமா எங்களுக்கு முன்பே மண்டப வாசலில் நின்றாள். நாலு பேருமாக மயில்களைக் கழற்றி வானுக்குள் ஏற்றினோம். மழை பெய்தது.